இன்புளுவன்சா ஊசியின் வீரியம்: நாம் விடும் தவறுகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் ஐஸ் அதிக நேரம் நிற்காது. அந்த வெக்கையில் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ இன்புளுவன்சா ஊசி கொண்டுபோகிறவர்கள், பயத்தில் பெட்டி நிறைய ஐஸைத் திணித்து மருந்தை அதற்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பெரிய தவறு. இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் உருகவைத்தும் போடக்கூடாது, ஒதுக்கிவிட வேண்டும்.

உறைந்ததா என்று குலுக்கிப் பார்த்தால் தெரியாதா என்பார்கள். தெரியாது. குலுக்கல் சோதனை, ஏற்பு ஊசி, ஹெபடைட்டிஸ் பி ஊசி போன்று அலுமினிய உப்பு சேர்ந்தவற்றுக்கு உரியது. உறைந்தால் அந்த உப்பு திரண்டு சீக்கிரம் அடியில் படியும். பருவகால இன்புளுவன்சா ஊசிகளில் பெரும்பாலும் அலுமினியம் கிடையாது. ஆகவே மருந்து தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

வீரியத்தை அளப்பது ஆய்வுகூடத்து வேலை. வைரசின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம்தான் கணக்கு. அதற்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உள்ள செம்மறியாட்டுச் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியை, அகரோஸ் கூழில் கலந்து கெட்டியாக விட்டு, சிறு துளைகளில் மருந்தை விடுவார்கள். மருந்து பரவிச் சீரத்தோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் விழும். அளவு தெரிந்த ஒப்பீட்டு மருந்தின் வளையத்தோடு அதை ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். 1970களில் வந்த முறை, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும், முதியோருக்கான உயர் அளவு ஊசியில் 60.

இங்கேயும் தவறு நடக்கும். மொத்தப் புரதத்தை அளந்து அதையே வீரியம் என்று எடுத்தால், வைரசின் மற்றப் புரதங்களும் சிதைந்துபோன ஹீமக்ளூட்டினினும் கணக்கில் ஏறிவிடும். சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தால் வைரஸ் துகளை முதலில் உடைக்காவிட்டால், புரதம் கூழுக்குள் சரியாகப் பரவாது. எல்லாவற்றையும் விட, ஊசியில் சேரும் வகை மாறிய பிறகும் பழைய சீரத்தை வைத்து அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. புதுச் சீரம் ஆட்டின் உடம்பில் உருவாக வேண்டும், அதை அவசரப்படுத்த வழியில்லை.

அப்புறம், கை வலித்துக் காய்ச்சல் வந்தால் நல்ல மருந்து, வராவிட்டால் வீரியம் போய்விட்டது என்று முடிவுகட்டுவது. அது உங்கள் உடம்பின் போக்கு, மருந்தின் அளவுகோல் அல்ல. நான்கு வகை இருந்த ஊசியில் இப்போது மூன்றுதானே, குறைத்துவிட்டார்களா என்றும் கேட்கிறார்கள். இன்புளுவன்சா பி வைரசின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் பரவியதாக உறுதிப்படவில்லை, அதனால்தான் அதை எடுத்தார்கள். மற்ற மூன்றின் அளவு குறையவில்லை.

பாமசியில் வாங்கப் போனால் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவைக் கேளுங்கள். நேற்று இரவு கரண்ட் போனதா, எவ்வளவு நேரம் போனது என்றும் தயங்காமல் கேளுங்கள்.