வளவில் ஜாஸ் நேரலை: வீட்டில் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் குழுவில் எல்லாருக்கும் அடியில் நிற்பது ஆளுயரத் தந்திக் கருவியான டபுள் பேஸ். எல்லாருக்கும் மேலே சன்னமாக ஓடிக்கொண்டிருப்பது டிரம்ஸில் இருக்கும் ரைடு சிம்பல் என்ற உலோக வட்டு. இந்த இரண்டும்தான் தாளத்தைத் தாங்குகின்றன. நடுவே சாக்ஸபோனும் பியானோவும் எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், அடியும் நுனியும் போய்விட்டால் வாசிப்பு தரையில் கால் படாமல் மிதக்கும். வீட்டிலிருந்து நேரலை கேட்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றைக் காவு வாங்குபவை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் அதற்குக் கூடுதல் காரணங்களும் உண்டு.

முதல் தவறு, டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்புவது. டபுள் பேஸின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஒல்லியான டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தள்ள முடியாது. மொபைல் ஸ்பீக்கர் இன்னும் மோசம். பேஸின் மேல் ஸ்வரங்கள் மட்டும் கொஞ்சம் கேட்பதால் ‘இருக்கிறது’ என்று காது ஊகித்துக்கொள்ளும், கனம் இருக்காது. வீட்டில் பழைய ஸ்டீரியோவோ ஹோம் தியேட்டரோ கிடந்தால் தூசு தட்டி எடுங்கள். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் 3.5 மி.மீ. – ஆர்சிஏ கேபிள் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அந்த ஒரு கேபிளிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. வருகிற ஒலி பெரும்பாலும் இரண்டு சேனல் ஸ்டீரியோதான். அதை ‘சரவுண்ட்’, ‘ஹால்’, ‘மூவி’ மாதிரியான அமைப்புகளில் போட்டால், மூல ஒலியில் இல்லாத எதிரொலியைக் கருவி தானே சேர்த்துவிடும். ஸ்டீரியோ அமைப்பில் வையுங்கள். டிவியில் ‘ஆட்டோ வால்யூம்’, ‘நைட் மோடு’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை மெல்லிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியை அமுக்கும். டிரம்மர் பிரஷ் வைத்துத் தடவுவதும் குச்சியால் அடிப்பதும் ஒரே அளவில் கேட்டால் அந்த மனிதரின் உழைப்பெல்லாம் வீண்.

சப்வூஃபரை மூலையில் வைத்து முழுக்கத் திருகி வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சினிமாவுக்கு அது சரிப்படலாம். ஜாஸில் பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் தட்டுக்கு ஒரு ஸ்வரமாக ஏறி இறங்கி நடந்துகொண்டே இருப்பார். சரியான அளவுக்குச் சோதனை இதுதான்: அந்த ஏற்ற இறக்கம் தனித்தனி ஸ்வரமாகக் கேட்க வேண்டும். எல்லாமே ஒரே ‘தும் தும்’ என்று கேட்டால் சத்தத்தைக் குறைத்து, பெட்டியை மூலையிலிருந்து மூன்று நான்கு அடி வெளியே இழுங்கள்.

வீடு என்ன செய்கிறது

பத்துப் பேர் உட்கார இடம் வேண்டும் என்று நேராக வளவிலோ (திறந்த முற்றத்தைச் சுற்றிய கூடம்) மேல் ஹாலிலோ ஸ்பீக்கரை வைத்துவிடுகிறார்கள். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவே தேக்குத் தூண்கள், உயர்ந்த கூரை. ஒலியை உறிஞ்சும் பொருள் ஒன்றுகூட இல்லை. நாகஸ்வரத்துக்கு இந்த முழக்கம் அழகுதான். வேகமான ஜாஸுக்குக் கேடு. நிமிடத்துக்கு 240 தட்டு வேகத்தில் வாசிக்கிறார்கள் என்றால் ஒரு தட்டுக்குக் கால் வினாடிதான். அறையில் ஒலி ஒரு வினாடி தங்கினாலே நான்கு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். சிம்பல் வெறும் இரைச்சலாகிவிடும். எதிர்ச்சுவர் 9 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்த் திரும்பச் சுமார் இருபதில் ஒரு பங்கு வினாடி ஆகும். அந்த இடைவெளியில் டிரம் அடி இரண்டாகவே கேட்கத் தொடங்கும்.

நான்கைந்து பேர்தான் என்றால் பட்டாலையோ ஓர் உள்ளறையோ போதும். கூட்டம் அதிகம், வளவுதான் வேண்டும் என்றால், ஸ்பீக்கருக்கும் ஆட்களுக்கும் நடுவில் தரையில் கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து வையுங்கள். மெல்லிய சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்பது தப்புக் கணக்கு. ஒற்றைத் துணி ஒலியைப் பெரிதாகத் தடுக்காது. ஸ்பீக்கர்களை உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஏற்றி, இரண்டுக்கும் நடுவே ஆறேழு அடி விட்டு, கேட்பவரும் அதே தூரத்தில் உட்கார வேண்டும். கிட்டத்தில் உட்கார்ந்தால் சுவரின் ஒலியைவிட ஸ்பீக்கரின் ஒலி அதிகம் வந்து சேரும். வயதான ஆச்சியையும் ஐயாவையும் மரியாதைக்காகச் சுவரோரச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். சுவரோரம்தான் பேஸ் வீங்கிக் கேட்கும் இடம். அவர்கள் முன்னால் வரட்டும்.

இன்னொன்றும் இந்த வீடுகளில் மட்டும் அடிக்கடி நடக்கும். முகப்பில் டிவி ஓடும். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் வேலையாக இருப்பவர் தன் மொபைலில் அதே நிகழ்ச்சியைத் திறந்துவைப்பார். இரண்டு கருவிகளுக்கும் நேரலை ஒரே நொடியில் வந்து சேராது. சில வினாடிகள் முன்பின் இருக்கும். திறந்த முற்றம் வழியாக இரண்டும் கலந்துவிடும். ஒரே ஒரு கருவியில் ஓடவிட்டு, அதிலிருந்து நீளமான ஸ்பீக்கர் வயரை உள்ளே இழுப்பதே சரி. தனியாகக் கேட்பவருக்கு வயர் உள்ள ஹெட்போன் போதும். வீடு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. மார்கழிக் காலையில் கோயில் ஒலிபெருக்கி பாடும் தெருவில் இருப்பவர்களுக்கும் அதுவே வழி.

மின்விசிறியையும் மறக்க வேண்டாம். பிரஷ் ஒலியும் விசிறி ஒலியும் ஏறக்குறைய ஒரே மாதிரி ‘ஸ்ஸ்’ என்றிருப்பதால் ஒன்று மற்றதை மூடிவிடும். மெதுவான பாடல் வரும்போதாவது வேகத்தை ஒன்றுக்குக் குறையுங்கள்.

இணையமும் மின்சாரமும்

ரவுட்டர் முகப்பில், டிவி மூன்று சுவர் தாண்டி. தடித்த செங்கற்சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டவே திணறும்; 2.4 கொஞ்சம் தேவலை. இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடாக இருந்தாலும், லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தாழ்வாரத்து உத்தரத்தோரமாக ஒரு தடவை இழுத்து விட்டால் போதும்.

மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் கணக்குப் போடாமல் உட்காருகிறார்கள். 1080 தரத்தில் நொடிக்கு 5 மெகாபிட் என்று கொண்டால் 75 நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்கு 2.8 ஜிபி போகும். தினம் 2 ஜிபி திட்டம் பாதியிலேயே தீர்ந்து, வேகம் 64 கிலோபிட்டுக்கு விழுந்துவிடும். 480 தரத்தில் ஒரு ஜிபிக்குள் முடிந்துவிடும். அதற்கும் கீழே 144, 240 என்று இறக்காதீர்கள். பல தளங்களில் படத்தோடு ஒலியின் தரமும் சேர்ந்து இறங்கும். முதலில் பலியாவது சிம்பல்: மணல் சலிப்பது போலக் கேட்கும். ‘ஆட்டோ’வில் விட்டாலும் நிகழ்ச்சி நடுவே இதே கதி நேரலாம். தரத்தை நீங்களே தேர்ந்தெடுத்து நிறுத்தி வையுங்கள்.

மின்வெட்டுக்கு வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மின்சாரம் மாறும் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழுந்தால், இணைப்பு திரும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு முழு சோலோ (ஒருவர் முன்னின்று தனித்து வாசிக்கும் பகுதி) போய்விடும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துத் தேவை.

நேரம், டிக்கெட்

நியூயார்க்கில் வெள்ளி இரவு 8 மணி என்றால் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை 5.30. வெள்ளி இரவு காத்திருந்து ஏமாறுபவர்கள் நிறைய. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் அதுவே 6.30 ஆகும், மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 5.30. லண்டனில் இரவு 8 மணி என்பது கோடையில் நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. அங்கே மாறும் நாள்கள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதால் இந்த இரண்டு பருவங்களிலும் பழைய கணக்கை நம்பக் கூடாது. டோக்கியோ எளிது, எப்போதும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே.

டிக்கெட் உள்ள நிகழ்ச்சிக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் பணம் கட்ட உட்காராதீர்கள். உங்கள் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை அணைந்திருக்கலாம். வங்கிச் செயலியில் முந்தைய நாளே இயக்கி வையுங்கள். இந்தியாவில் பார்க்க அனுமதி உண்டா, நிகழ்ச்சி முடிந்தபின் எத்தனை மணி நேரம் மறுபடி பார்க்கலாம் என்பதையும் அப்போதே படித்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இலவசமானவையும் உண்டு: யுனெஸ்கோ 2011ல் அறிவித்த உலக ஜாஸ் தினம் ஏப்ரல் 30 அன்று வருகிறது, அதையொட்டிய பெரிய கச்சேரி இணையத்தில் ஒளிபரப்பாகும். பியானோ கலைஞர் எம்மெட் கோஹன் 2020ல் ஹார்லெமில் தன் குடியிருப்பிலிருந்து தொடங்கிய நேரலைகள், வீட்டு அறையில் ஒரு குழுவை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கே நல்ல பாடம்.

தாமதமாக வந்து உட்காருவது

பத்து நிமிடம் போனால் என்ன என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பாடலும் பெரும்பாலும் மூல மெட்டோடு தொடங்கும். 12 அளவு (பெரும்பாலும் நான்கு தட்டு சேர்ந்தது ஓர் அளவு) கொண்ட புளூஸ், அல்லது 32 அளவு கொண்ட அமைப்பு. அதன்பின் வரும் சோலோ எல்லாம் அதே சுற்றின் மேல்தான் ஓடும். மெட்டைத் தவறவிட்டவருக்கு அடுத்த பத்து நிமிடமும் மனம்போன போக்கில் வாசிப்பதாகவே படும். தாமதமாகிவிட்டால் நடுவில் நுழையாமல், தளம் அனுமதித்தால் பாடலின் தொடக்கத்துக்குப் பின்னே இழுத்துப் பாருங்கள்.

கைத்தாளத்தில் முதல் தட்டை அழுத்திப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரம்மரின் இடது கால் இயக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட், நான்கு தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் மூடும். அதைப் பிடித்துக்கொண்டால் தாளம் நழுவாது. சோலோக்களின் முடிவில் மற்றவர் நான்கு அளவு, டிரம்மர் நான்கு அளவு என்று மாறிமாறி வாசிப்பதைத் தனி ஆவர்த்தனத்தின் குறைப்பு கேட்ட காதுகள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அந்த நேரத்தில் எழுந்து காபி போடப் போவதுதான் பலர் செய்வது. ரைடு சிம்பலையும் ஸ்னேர் டிரம்மையும் தனித்தனியாகக் கேட்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அதுதான். காபியை முன்கூட்டியே ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுங்கள்.