வீட்டில் மருந்து மாறிப்போகாமல் இருக்க

வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்: வீட்டில் மருந்தை மாற்றிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அக்கறை உள்ளவர்கள்தான். ராத்திரி முழுக்க அப்பா பக்கத்தில் கண்விழித்த மகள், குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறதே என்று பதறிய அம்மா. இவர்களிடம் போய் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்லி என்ன பயன்? கவனமாகத்தான் இருந்தார்கள். தூக்கம் கெட்டால் யாருக்கும் கை தவறும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, தவறினாலும் ஆபத்து வராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியிலும் இதே வழிதான். அடர் பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்க்க மற்ற ஊசி மருந்துகளின் சின்னக் குப்பிகளைப் போலவே இருக்கும். அதனால் அதைச் சாதாரண மருந்துகளோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். எச்சரிக்கை அட்டையை விடப் பூட்டு நல்லது.

வீட்டில் நான் அதிகம் பயப்படுவது இன்சுலினுக்குத்தான். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். பேனா ரிப்பேராகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அடியோடு இறங்கி நினைவு தப்பிவிடும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 40 யூனிட் மருந்தை 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். ஆகவே வீட்டில் ஒரே வகை சிரிஞ்சு மட்டும் இருக்கட்டும். பேனாவுக்கு மாறிய அன்றே பழைய சிரிஞ்சுகளை வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள், ‘இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்’ என்று எடுத்து வைக்காதீர்கள். அந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கும். பேனா கெட்டுப்போனால் மாற்றுப் பேனா வாங்குங்கள். கார்ட்ரிட்ஜில் ஊசி குத்தி இழுக்கவே கூடாது.

குழந்தைகளின் பாராசிட்டமாலிலும் இதே சிக்கல். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கே 120தான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், நாலு மடங்குக்கும் மேல். 5 மில்லிக்கு 250 உள்ள சிரப்பும் கடையில் உண்டு. டாக்டரிடம் ‘எத்தனை மில்லி’ என்பதோடு ‘எத்தனை மில்லிகிராம்’ என்றும் கேட்டு, அதைப் பாட்டில் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாள் இன்னொரு கண்டம். ஆஸ்பத்திரியில் எழுதியது ஒரு பெயர், வீட்டில் ஏற்கெனவே இருப்பது வேறு பெயர், உள்ளே இருப்பதோ ஒரே சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின். இரண்டையும் சாப்பிடுவார்கள். அன்றைக்குப் பழைய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், எது தொடரும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். நிறுத்தியதை அன்றே பிரித்துவிடுங்கள். கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டையும் கேட்டு வாங்குங்கள்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். அதைத் தினசரி டப்பாவில் சேர்க்கவே கூடாது. தனி உறையில் ‘புதன் மட்டும்’ என்று எழுதி, சாப்பிடுபவரிடம் இல்லாமல் வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அப்புறம், எல்லாம் செய்தாலும் ஒரு நாள் தவறலாம். அதற்காக வீட்டில் இப்போதே ஒரு பேச்சு இருக்கட்டும்: மருந்து மாறினால் உடனே சொல்ல வேண்டும், சொன்னவரை யாரும் திட்டக்கூடாது. திட்டுவார்கள் என்று மருமகள் ஒரு மணி நேரம் மறைத்தால், அந்த ஒரு மணி நேரம் நோயாளிக்குத்தான் நஷ்டம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இன்சுலின் கூடிப்போயிருந்து, நினைவும் தெளிவாக இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீட்டரில் சர்க்கரை சரியாகக் காட்டினாலும் போக வேண்டும், மருந்து மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, அட்டையையோ குப்பியையோ கையோடு கொண்டு போங்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.