ஓதம் காயாத சுவரில் பட்டி பார்க்காதீர்கள்: படுக்கையறையைக் குறைந்த செலவில் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெயிண்ட் கடைகளில் கூட்டம் கூடிவிடும். பத்து பதினைந்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, படுக்கையறை ஒன்றையாவது புதுசாக்கிவிட வேண்டும் என்று இளம் தம்பதிகள் வருகிறார்கள். அந்த ஆசையில் குறையே இல்லை. நாள்தான் தப்பு. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்து இறங்கும் மாவட்டம் இது. வருஷத்திலேயே சுவரில் ஓதம், அதாவது ஈரம், அதிகம் ஊறியிருக்கும் மாதத்தில்தான் நாம் சுவரை மழமழப்பாக்கும் பட்டித் தகட்டைக் கையில் எடுக்கிறோம்.

தரையில் துணி விரிக்க மறப்பது, சுவிட்ச் போர்டில் டேப் ஒட்டாதது போன்றவை ஒரு தடவை பட்டாலே யாருக்கும் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். திரும்பத் திரும்பப் பணத்தைத் தின்பவை வேறு.

ஓதச் சுவரில் பட்டியும் பெயிண்டும்

கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் கீழிருந்து மூன்றடி வரை உற்றுப் பாருங்கள். பெயிண்ட் பப்படம் போலப் பொங்கியிருந்தால் நகத்தால் ஒரு துண்டை உரித்து எடுங்கள். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அது உப்பு. செங்கல், மணல், மண் ஆகியவற்றில் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு ஈரம் சுவரின் முகத்துக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு அங்கேயே படிகமாகத் தங்கிப் பருத்து, மேலே இருக்கும் பட்டியையும் பெயிண்டையும் தள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் இந்தத் தள்ளலுக்கு நிற்காது.

இது தெரியாமல் நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். பொரிந்ததைச் சுரண்டி, அதே வாரம் பட்டி பார்த்து, பிரைமரும் (அடிப்பூச்சு) எமல்ஷனும் (தண்ணீரில் கலக்கும் மேல்பூச்சு) அடித்து முடிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு அறை பளபளக்கும். ஆடி வருவதற்குள் அதே இடம் மறுபடி பொங்கும். உடனே பெயிண்ட் கம்பெனியைத் திட்டிவிட்டு அதைவிட விலை கூடியதை வாங்குவார்கள். ஒரே சுவருக்கு மூன்று முறை செலவழித்தும், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறைகூடப் பார்க்காத வீடுகள் இருக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை.

கறை இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். தரையை ஒட்டிப் பட்டையாக ஓடினால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். வெளியே போய்ப் பாருங்கள்: முற்றத்தில் மண் நிரப்பியோ காங்கிரீட் போட்டோ வெளித்தரை உள்தரையை விட உயர்ந்திருக்கும், அல்லது பூந்தொட்டிகளைச் சுவரோடு சேர்த்து வைத்திருப்பார்கள். கறை குளியலறைப் பக்கச் சுவரில் மட்டும் இருந்தால் டைல்ஸ் இடுக்கும் குழாயும். ஜன்னலுக்கு மேல் மூலையில் என்றால் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்து விரிசல். கூரை விளிம்பில் என்றால் மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவரின் அடி. மேற்குச் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தால் சாரல் நேராக அடிக்கிறது, பரிகாரம் வெளிப்பக்கத்தில்தான்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. சந்தேகமான இடத்தைத் தூள் போகத் துடைத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் என்றால் அறைக் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

சரிசெய்யும் வரிசை மாறக்கூடாது. முதலில் மூலத்தை அடைக்க வேண்டும். பிறகு பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பூச்சு கையோடு உதிர்ந்தால் ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்து, 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல்) புதிதாகப் பூசுங்கள். மணல் உப்பில்லாததாக இருக்க வேண்டும். நீர்த்தடுப்புத் திரவம் சேர்ப்பதானால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான். பல திரவங்களுக்கு 50 கிலோ சிமெண்டுக்கு 200 மில்லி. ஏழு நாள் நனைத்து, பிறகு குறைந்தது நான்கு வாரம் காயவிட வேண்டும். ஜனவரியில் பூசினால் மார்ச்சில் பிளாஸ்டிக் சோதனை செய்து பெயிண்ட் அடிக்கலாம். ஜூன் சாரலுக்குள் எல்லாம் இறுகியிருக்கும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வெட்டுக்கல் வீடுகளுக்கு இது பொருந்தாது. சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்கு மேலே ஏறும். அங்கே சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் சரி. சுவர் மூச்சுவிடும், செலவும் குறைவு.

உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஐந்தாவது அடியில் பொரியும். பிவிசி பலகையோ வால்பேப்பரோ ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், கரையான் ஏறுவதும் கண்ணில் படாது. குழந்தை தூங்கும் அறையில் அந்த வாசனை வேண்டவே வேண்டாம். பண்டிகைக்கு அவசரம் என்றால் காய்ந்த மூன்று சுவர்களை மட்டும் அடியுங்கள். ஓதச் சுவரைச் சுரண்டி, வெள்ளையடித்து மார்ச் வரை விட்டுவைப்பது கேவலமில்லை.

வெள்ளையடித்த சுவரின் மேல் நேராக எமல்ஷன்

உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் அந்தப் பழைய அடுக்கு முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும். பட்டி அந்த மாவைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது.

பட்டியைக் கண்ணளவில் கரைப்பது

வெள்ளை சிமெண்ட் பட்டி 1 கிலோவுக்கு 360 முதல் 400 மில்லி தண்ணீர். தண்ணீர் கூடினால் காய்ந்த பின் தூளாக உதிரும். கட்டியில்லாமல் கரைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு மறுபடி கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் கரையுங்கள். இறுகியதில் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்க முடியாது. இந்தப் பட்டிக்குக் காய்ந்த சுவரை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், பள்ளங்களை அதற்கு முன்பே சிமெண்ட் கலவையால் நிரப்பிவிடுங்கள். கடைசியில் 320 எமரித் தாளில் தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகுதான் பிரைமர். துடைக்காத தூசியின் மேல் அடித்த பிரைமர் வீண்.

கணக்குப் போடாமல் வாளி வாங்குவது

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் ஏறக்குறைய 390. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 60, 65 சதுர அடி பிடிக்கும். ஆக ஆறு, ஆறரை லிட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு நாலு லிட்டர். பத்து லிட்டர் வாளி மலிவு என்று வாங்கி, மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் கெட்டியாக விடாதீர்கள். மெஷினில் கலந்த நிறத்தை ஒரே நேரத்தில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் டப்பா மாறும் இடம் சுவரில் தெரியும்.

கடை வெளிச்சத்தில் நிறம் முடிவு செய்வது

சிறிய டப்பா வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

காற்று நாளில் ரோலர்

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக் காற்றில் எமல்ஷன் சுவரில் பரவும் முன்பே காய்ந்து ரோலர் தடம் விழும். காற்று வரும் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு சுவரைத் தொடங்கினால் நிறுத்தாமல் முடியுங்கள்.

பழைய ஜன்னல் எனாமலை உலர்வாகத் தேய்ப்பது

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற 2016 விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறைய இருக்கலாம். தேய்க்கும் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீர்த் தாளை (ஈரத்தில் தேய்க்கும் எமரித் தாளை) நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முகமூடி கட்டாயம், பிள்ளைகள் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது.

பதப்படுத்தாத ரப்பர் மரக் கட்டில்

குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் மலிவு, பார்க்கவும் அழகு. ஆனால் போராக்ஸ், போரிக் அமிலத்தில் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் வண்டு எளிதாக விழும். குண்டூசித் துளையும், கட்டிலுக்கடியில் மாவு போன்ற தூளும் கண்டால் வாங்காதீர்கள். வீட்டில் பழைய அயனி, பலாக் கட்டில் கிடந்தால் அதை 120, பிறகு 220 தாளில் தேய்த்து வார்னிஷ் அடிப்பது எல்லாவற்றையும் விட லாபம்.

துகள் பலகை அலமாரி

ஓதம் பட்டால் ஊதும், ஊதினால் ஆணி பிடிக்காது. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தெர்மாகோல் சீலிங்

வேண்டாம். தீப்பற்றினால் உருகித் தலையில் சொட்டும்.

திரைச்சீலை

ஜன்னல் நாலடி அகலம் என்றால் துணி எட்டடி. பருத்தியைத் துவைத்துச் சுருக்கிய பிறகு தைக்கக் கொடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் முலாம் பூசிய இரும்புக் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். 304 தரத் துருப்பிடிக்காத எஃகோ அலுமினியமோ போடுங்கள்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பது

நாலு விரல் இடைவெளி விடுங்கள்.