அட்ரீனல் அறுவை: சிரையின் மேல் கண் இருக்கட்டும்

சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை எடுக்கும்போது தமனிகள் அதிகம் தொல்லை தருவதில்லை. உதரவிதானத்தின் கீழ்த் தமனி, பெருந்தமனி, சிறுநீரகத் தமனி என மூன்று இடங்களிலிருந்து கிளம்பினாலும், சுரப்பியை எட்டுவதற்குள் மெல்லிய இழைகளாகச் சிதறிவிடும். ஹார்மோனிக் கருவியே (அதிர்வால் வெட்டி, ரத்தக்குழாயை மூடும் கருவி) அவற்றுக்குப் போதும். சிரை அப்படியல்ல. பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதுவும் பக்கத்துக்குப் பக்கம் வேறு.

வலச் சுரப்பி முக்கோண வடிவில், கல்லீரலுக்கு அடியில், கீழ்ப்பெருஞ்சிரைக்கு (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை) பின்னால் ஓரளவு ஒளிந்திருக்கும். அதன் சிரை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையின் பின்பக்கவாட்டில் சேரும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) நோயாளியை வலப்பக்கம் மேலிருக்கும்படி சாய்த்துப் படுக்க வையுங்கள். கல்லீரலின் வலது முக்கோணத் தசைநாரை உதரவிதானம் வரை வெட்டிவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் கல்லீரல் மேலே தூக்க வராது. சிரை கண்ணிலேயே படாது. பிறகு கீழ்ப்பெருஞ்சிரையின் ஓரத்தைச் சிறுநீரகச் சிரையிலிருந்து மேல்நோக்கிப் பிரித்துக்கொண்டே போங்கள். சிரை தெரிந்ததும் பெருஞ்சிரைப் பக்கம் இரண்டு கிளிப், சுரப்பிப் பக்கம் ஒன்று. சுரப்பியை வெளிப்பக்கம் பலமாக இழுத்தால் சிரை வேரோடு கிழியும். கிழிந்தால் ரத்தத்துக்குள் குருட்டுத்தனமாகக் கிளிப் போடாதீர்கள்: துணியால் அழுத்துங்கள், மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், ஓட்டை தெளிவாகத் தெரிந்த பிறகு தையல் போடுங்கள். தேவையென்றால் வயிற்றைத் திறக்கத் தயங்க வேண்டாம். சிலருக்கு மேல்புறம் இன்னொரு சிரை கல்லீரல் சிரைக்குப் போகும். முதல் கிளிப்போடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இடச் சுரப்பி பிறை வடிவம். சிரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளும். உதரவிதானத்தின் கீழ்ச் சிரையோடு கூடி, இடச் சிறுநீரகச் சிரையில் இறங்கும். இங்கே ஆபத்து கணையத்தின் வால்தான். கொழுப்பில் அதைச் சுரப்பி என்று நினைத்து வெட்டியவர்கள் உண்டு. மண்ணீரலை விடுவித்து, கணையத்தோடு சேர்த்து நடுப்பக்கம் சாயவிட்டால் புத்தகம் விரிவதுபோல் இடம் திறக்கும். சுரப்பியின் பொன்மஞ்சள், சுற்றியுள்ள கொழுப்பின் வெளிர்நிறத்திலிருந்து தனித்துத் தெரியும்.

எந்தப் பக்கமானாலும் சுரப்பியை நேராகக் கவ்வாதீர்கள். நாலைந்து கிராம் எடையுள்ள, எளிதில் நொறுங்கும் திசு அது. உறை உடைந்து கட்டி சிதறினால் மீண்டும் முளைக்கக்கூடும். ஒட்டியுள்ள கொழுப்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும் கட்டி) என்றால் வேலை 7 முதல் 14 நாள் முன்பே தொடங்குகிறது: முதலில் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பான், கூடவே உப்பும் நீரும். நாடித்துடிப்பு வேகமாக இருந்தால், அதன் பிறகே துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான். வரிசை மாறினால் ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் எகிறும். சிரையில் கிளிப் போட்டதும் அழுத்தம் சட்டென்று விழும். போடுவதற்கு முன்பே மயக்க மருத்துவருக்குக் குரல் கொடுங்கள்.

குஷிங் கட்டியை (கார்ட்டிசால் ஹார்மோனை மிதமிஞ்சிச் சுரக்கும் கட்டி) எடுத்த பிறகு எதிர்ப்பக்கச் சுரப்பி மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அது விழிக்கும்வரை கார்ட்டிசாலுக்கு மாற்றான ஹைட்ரோகார்ட்டிசோன் தராமல் விட்டால் நோயாளி வார்டிலேயே சரிந்துவிடுவார்.