சாதா லேத்திலிருந்து சிஎன்சிக்கு: வேலையை விடாமல் படிப்பது எப்படி

ஐடிஐயில் டர்னர் முடித்துவிட்டு, கோவை கணபதியில் ஒரு பட்டறையில் சாதா லேத், அதாவது கையால் இயக்கி இரும்பைக் கடையும் மெஷின், ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். 38 வயதில் சிஎன்சிக்கு, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம் சொல்கிறபடி தானே வெட்டும் மெஷினுக்கு மாறினேன். "இனிமேல் எப்படிண்ணா படிக்கிறது?" என்று கேட்கும் தம்பிகளுக்காக இது.

எடுத்த எடுப்பில் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன், மூன்று மாதத்தில் மெஷினைத் தொட்டது இரண்டே நாள். அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஷிப்டுக்கு அரைமணி முன்னால் போய், செட்டர் (சிஎன்சி மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்) டூல் ஆஃப்செட் எடுப்பதை, அதாவது ஒவ்வொரு டூலின் முனையும் எங்கே நிற்கிறது என்று அளந்து மெஷினுக்குச் சொல்வதை, பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் முதல் பீஸ் ஓட்டும்போது வாயே திறக்கக் கூடாது. டீ நேரத்தில் கேளுங்கள், அதுவும் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு ஓடிய புரோகிராமை எழுதி, வரிக்கு வரி தமிழில் அர்த்தம் போடுங்கள். ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாகப் போ. ஜி01 என்றால் கொடுத்த ஃபீடில் (டூல் நகரும் வேகத்தில்) நேராக வெட்டு. எம்03 என்றால் ஸ்பிண்டிலை (ஜாபை, அதாவது கடையும் துண்டைப் பிடித்திருக்கும் தண்டை) சுற்று.

தசமப் புள்ளியில் மட்டும் கவனம். லேத் புரோகிராமில் எக்ஸ் என்றால் விட்டம். எக்ஸ் 50-க்குப் பின்னால் புள்ளி வைக்க ஒருநாள் மறந்துவிட்டேன். எங்கள் மெஷினின் கன்ட்ரோலில் புள்ளி இல்லாவிட்டால் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டத்தில் நிற்க வேண்டிய டூல், 0.05-க்கு, அதாவது ஜாபின் நடு மையத்துக்கே பாய்ந்தது. டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தூள். செட்டர் அண்ணன் திட்டவில்லை. "புது புரோகிராம்னா சிங்கிள் பிளாக்ல போட்டு ஒவ்வொரு வரியா ஓட்டு" என்றார், அவ்வளவுதான்.

கை கொஞ்சம் பழகிய பிறகு என்பிடெல் (இணையத்தில் பாடம் நடத்தும் திட்டம்) பாருங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, வீடியோ இலவசம். பெரும்பாலும் இங்கிலீஷ்தான், நான் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. மொத்தத்தில் 40 வந்தால் போதாது, அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியே தேறணும்.

அப்புறம் டிப்ளமோ. பத்தாவதும் இரண்டு வருட ஐடிஐயும் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். எனக்கு வயதாகிவிட்டது, விட்டுவிட்டேன். உங்களுக்கு 25 என்றால் விடாதீர்கள். சூப்பர்வைசர் வேலைக்கு மனு போட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்டர்வியூவில் சான்றிதழைப் புரட்டிவிட்டு, ஒரு டிராயிங்கைக் கொடுத்து புரோகிராம் எழுதச் சொல்வார்கள். எழுதி முடித்ததும் கொடுத்துவிடாதீர்கள், ஒருமுறை புள்ளிகளைச் சரிபாருங்கள்.