அலர்ஜி டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் உடனே உணவை நிறுத்திவிடாதீர்கள்

கைக்குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய்) இருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை என்று நாலைந்துக்கு நேரே பாசிட்டிவ் வருகிறது, அன்றைக்கே அத்தனையும் வீட்டில் தடை. எனக்கு அதிகம் கவலை தருகிற தவறு இதுதான். அந்த ரிப்போர்ட் சொல்வதெல்லாம், அந்த உணவுக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் பொருள்) உடலில் உருவாகியிருக்கிறது என்பது மட்டுமே. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்தால்தான் இந்த ஐஜிஇ வகை அலர்ஜி என்று பேசவே முடியும். நன்றாக முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து முட்டையை நிறுத்தினால், பிறகு மறுபடி கொடுக்கும்போது நிஜமாகவே அலர்ஜி கிளம்பக்கூடும். (ஐஜிஜி என்கிற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் டெஸ்டுக்குப் பணம் கட்டவே வேண்டாம், அதை வைத்து அலர்ஜியைக் கண்டுபிடிக்க முடியாது.)

புது உணவைக் கொடுக்காமல் தள்ளிப்போடுவதும் இதே ரகத் தவறுதான். அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலையை 3 வயது வரை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2000-இல் சொன்னது, 2008-இல் அதைக் கைவிட்டது. அப்புறம் 2015-இல் லண்டனில் அலர்ஜி மருத்துவர் கிடியோன் லாக் குழுவினரின் லீப் என்ற ஆய்வு வந்தது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள், எல்லோரும் 4 முதல் 11 மாதத்துக்குள். ஒரு பாதிக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், மறு பாதிக்குத் தவிர்த்தார்கள். ஆரம்பத்தில் வேர்க்கடலைக்கான தோல் டெஸ்டில் லேசாகப் பாசிட்டிவ் வந்தவர்களைப் பாருங்கள்: வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 35.3 சதவீதம் பேருக்கு 5 வயதில் அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 10.6 சதவீதம்தான்.

அதற்காக வீட்டிலேயே சோதனை செய்யக் கூடாது. ஏற்கனவே சாப்பிட்டு உதடு வீங்கியிருந்தாலோ, கரப்பான் கடுமையாக இருந்தாலோ டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.

கரப்பானை 'தானா சரியாகிடும்' என்று விடுவது இன்னொரு தவறு. வெடித்த தோல் வழியாக உணவுத் துகள் உள்ளே போனால் உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது, வாய் வழியாகப் போனால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது என்றுதான் இப்போது விளக்குகிறார்கள். அதனால் கடலை உரித்த கையைக் கழுவிவிட்டுக் குழந்தைக்கு க்ரீம் தடவுங்கள். டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு க்ரீமைப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

சீக்கிரம் வேர்க்கடலை கொடுத்தால் ஆஸ்துமாவும் வராது என்று நம்பிவிடாதீர்கள். லீப் குழந்தைகளில் அந்தப் பலன் வேர்க்கடலையோடு நின்றுவிட்டது. கரப்பானோடு முட்டைக்கும் பாசிட்டிவ் வந்த குழந்தைக்குப் பின்னாளில் வீசிங், மூக்கு அலர்ஜி வர வாய்ப்பு அதிகம், ராத்திரி இருமலும் விளையாடும்போது இளைப்பும் தொடர்ந்தால் சளி என்று சிரப் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.