இன்குபேட்டரில் கோழி முட்டை அடைவைப்பது: சிங்கப்பூர்க் காற்றுக்கு ஏற்ற கணக்கு

மருத்துவமனையில் இன்குபேட்டர் என்றால் குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டி. தொழில் தொடங்குவோருக்கு அது புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இடம். டெங்கிக் கொசு கடித்துக் காய்ச்சல் வரும்வரை ஆகும் 4 முதல் 10 நாளுக்கும் ஆங்கிலத்தில் அதே வேரில் பிறந்த ‘இன்குபேஷன்’ என்ற சொல்தான். தமிழில் நோயரும்பும் காலம் என்போம். நாம் பார்க்கப்போவது கோழி செய்யும் வேலை, அடைகாத்தல்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க முடியாது. நான் செய்வதெல்லாம் பெரியப்பாவின் தரைவீட்டில்.

பேரங்காடி முட்டை பொதுவாகப் பொரிக்காது. சேவலோடு திரிந்த கோழியின் முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்குள் உள்ளதாகப் பாருங்கள். கழுவ வேண்டாம். கூர்முனை கீழே இருக்கட்டும்.

இன்குபேட்டர் பெட்டியை ஒருநாள் முன்பே ஓடவிடுங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. அது அசையாமல் நின்றபிறகே முட்டையை வையுங்கள்.

அடுத்தது ஈரப்பதம். இதில்தான் நான் கோட்டைவிட்டேன். கையேட்டில் சொன்னபடி முதல் நாளே இரண்டு தொட்டியிலும் தண்ணீர் ஊற்றினேன். ஈரம் மிஞ்சி, முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. நம் ஊர்க் காற்று 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமாக இருந்தால், அதையே 37.5க்குச் சூடாக்கும்போது ஏறக்குறைய 52 ஆகிவிடும். முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 போதும். அப்புறம் எதற்குத் தண்ணீர்? ஆனால் ஏர்கான் அறையில் அது 30க்கும் கீழே போகும், அங்கே ஊற்றத்தான் வேண்டும். பத்து வெள்ளி ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள், பெட்டியின் திரையை நம்பாதீர்கள்.

தினமும் மூன்று அல்லது ஐந்து முறை முட்டையைத் திருப்புங்கள். ஒற்றைப்படை எண் ஏன் என்றால், நீண்ட இரவில் ஒரே பக்கம் தொடர்ந்து கிடக்காது.

ஏழாம் நாள் விளக்கை அணைத்து, டார்ச்சை அகலமான முனையில் வையுங்கள். சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகள், நடுவே துடிக்கும் ஒரு புள்ளி. பெரியப்பா இன்னமும் அதைப் பார்த்து, “அட, ஆடுதுடா!” என்பார். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி ஈரத்தை 65க்கு மேல் ஏற்றுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். ஓட்டில் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒருநாள்கூட ஆகலாம். உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தால் ரத்தம் வரும். உள்ளிழுத்த மஞ்சள்கரு இருப்பதால் இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும்.

குஞ்சு பொரிக்கவேண்டிய 21ஆம் நாள் தாண்டி, 23 ஆகியும் அசைவில்லையா? கூமுட்டைதான். தயவுசெய்து வீட்டுக்குள் உடைக்காதீர்கள்.